கல்மேடையும் மர அலமாரியும்

தில்லியிலும் நாகபுரியிலும் குடியிருக்கும் நம்மவர் பலர், சமையலறைக் கல்மேடையின் கீழ் மர அலமாரி அமைக்க விழைகின்றனர். கடப்பைக் கல்லாயினும் கோட்டாக் கல்லாயினும், பருவத்துக்கேற்ப அது மாறுவது கண்ணுக்குப் புலப்படாது, மரமோ அவ்வாறன்று. வைகாசி வறட்சியில் ஒடுங்கி, ஆடி ஈரத்தில் பருக்கும். அதுவும் நார் ஓடும் நீளவாக்கில் அன்று, குறுக்குவாக்கிலேயே. (ஆடியில் கதவு இறுகினால் தச்சரை நோவது முறையன்று.) ஆகவே முழு மரப் பலகையைக் கல்லோடு கெட்டிப் பசையால் முற்றும் பிணைத்தால், பலகை பிளக்கும். மெல்லிய கல்லில் துளையிடுதலும் தீது. விரிசல் அங்கிருந்தே தொடங்கும்.

கல்லின் பாரத்தைச் சுவரே தாங்கட்டும். அலமாரிச் சட்டத்தை நீள்துளை வழியே திருகாணியால் சுவரோடு பொருத்தி, கல்லுக்குக் கீழே ஒரு நூல், அதாவது 1/8 அங்குலம், இடைவெளி விடுக. அதனை ரப்பர்போல் நெகிழும் சிலிக்கோன் பசையால் நிரப்பினால், மேடை நீர் உட்புகாது; மரம் அசையவும் இடமிருக்கும்.