உரிமம் ரத்தானால் காப்பீடு உண்டு, உரிமமே இல்லாவிட்டால்?

புது தில்லி: நொடித்துப்போன கூட்டுறவு வங்கியின் உரிமத்தை ரிசர்வ் வங்கி ரத்து செய்தது என்ற செய்தி வரும்போதெல்லாம், டெபாசிட் செய்தவர்களிடையே பீதி ஏற்படுவது வழக்கம். ஆனால், கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்ட எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தாங்கள் பணம் போட்டிருக்கும் "வங்கி'க்கு ரிசர்வ் வங்கியின் உரிமம் இருக்கிறதா என்பதே அது.

சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதி விவசாயிகளானாலும், மூணாறு, பீர்மேடு பகுதித் தோட்டத் தொழிலாளர்களானாலும், அவசரத் தேவைக்கு முதலில் நாடுவது உள்ளூர் கூட்டுறவு நிறுவனங்களைத்தான். கேரளத்தில் ஏறத்தாழ 1,600 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கங்கள் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை "சர்வீஸ் கூட்டுறவு வங்கி' என்ற பெயரில் இயங்குகின்றன. ஆனால், இவை மாநிலக் கூட்டுறவுப் பதிவாளரின் கட்டுப்பாட்டில் உள்ள சங்கங்கள். ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்றவை அல்ல.

பாலா தந்த பாடம்

வங்கி முறிவு இப்பகுதிக்குப் புதிதல்ல. கோட்டயம் மாவட்டம் பாலாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பாலாய் சென்ட்ரல் வங்கி, ரிசர்வ் வங்கியின் மனுவைத் தொடர்ந்து 1960 ஆகஸ்ட் 8-ஆம் தேதி மூடப்பட்டது. இடுக்கி மாவட்டம் உருவானது 1972-இல்தான். அப்போது தேவிகுளம், பீர்மேடு மலைப் பகுதிகள் கோட்டயம் மாவட்டத்தில் இருந்தன.

அந்த முறிவு ஏற்படுத்திய அதிர்ச்சியின் விளைவாக நாடாளுமன்றம் 1961-இல் டெபாசிட் காப்பீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 1962 ஜனவரி 1-ஆம் தேதி காப்பீடு நடைமுறைக்கு வந்தபோது அதன் உச்சவரம்பு ரூ.1,500 மட்டுமே. 1993-இல் ரூ.1 லட்சமாகவும், 2020 பிப்ரவரியில் ரூ.5 லட்சமாகவும் அது உயர்த்தப்பட்டது.

ரத்து நடைமுறை

ஒரு கூட்டுறவு வங்கியின் நிதிநிலை சீர்குலைந்தால், ரிசர்வ் வங்கி முதலில் பணம் எடுக்கக் கட்டுப்பாடு விதிக்கும். நிலைமை சீராகாவிட்டால் உரிமத்தை ரத்து செய்து, கலைப்பு அதிகாரியை நியமிக்குமாறு பதிவாளரைக் கேட்டுக்கொள்ளும். ரூ.5 லட்சம் வரையிலான தொகையைக் காப்பீட்டுக் கழகம் வழங்கும். அதற்கு மேற்பட்ட தொகைக்கு, வங்கியின் சொத்துகள் விற்கப்படும் வரை காத்திருக்க வேண்டும்.

மும்பை சி.கே.பி. கூட்டுறவு வங்கியின் உரிமம் 2020 ஏப்ரலில் ரத்து செய்யப்பட்டபோது, அதன் சுமார் 1.32 லட்சம் டெபாசிட்தாரர்களில் 99.2 சதவீதம் பேருக்கு முழுத் தொகையும் கிடைக்கும் என ரிசர்வ் வங்கி அறிவித்தது. மாறாக, புணேயின் ரூபீ கூட்டுறவு வங்கி மீது 2013-இல் கட்டுப்பாடு விதிக்கப்பட்டும், 2022-இல்தான் உரிமம் ரத்தானது. இத்தகைய காத்திருப்பைத் தவிர்க்கவே, கட்டுப்பாடு விதிக்கப்பட்ட 90 நாள்களுக்குள் காப்பீட்டுத் தொகையை வழங்க 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது.

கேரளத்தில் அடூர் கூட்டுறவு நகர வங்கியின் உரிமத்தை 2023 ஏப்ரல் 24-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ரத்து செய்தது. எனினும், வங்கி அல்லாத நிறுவனமாகத் தொடர அதற்கு வழி விடப்பட்டது. உறுப்பினர் அல்லாதோரிடம் புதிதாக டெபாசிட் பெறக் கூடாது, ஏற்கெனவே பெற்றதைக் கேட்கும்போது திருப்பித் தர வேண்டும் என்பவை நிபந்தனைகள்.

சட்டத்தின் இடைவெளி

இந்தப் பாதுகாப்பு எதுவும் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களுக்கு இல்லை. பி.எம்.சி. வங்கி நெருக்கடிக்குப் பிறகு, 2020 செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வங்கி ஒழுங்குமுறைத் திருத்தச் சட்டம் கூட்டுறவு வங்கிகள் மீதான ரிசர்வ் வங்கியின் பிடியை இறுக்கியது. ஆனால், பெயரில் "வங்கி' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையுடன் இச்சங்கங்களுக்கு விலக்கு அளித்தது.

கூட்டுறவு சங்கங்கள் அச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. அவற்றில் உள்ள டெபாசிட்டுக்குக் காப்பீடு கிடையாது என 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. கேரள அரசு இதைக் கடுமையாக எதிர்த்தது. அரசமைப்புச் சட்டப்படி வங்கித் தொழில் மத்தியப் பட்டியலிலும், கூட்டுறவு சங்கங்கள் மாநிலப் பட்டியலிலும் இருப்பதே இந்த மோதலின் வேர்.

பாலக்காட்டை அடுத்த திருச்சூர் மாவட்டத்தின் கருவன்னூர் சர்வீஸ் கூட்டுறவு வங்கியில் 2021-இல் ரூ.100 கோடிக்கும் மேற்பட்ட முறைகேடு வெளிவந்தபோது, இந்த இடைவெளியின் விலை தெரிந்தது. ரத்து செய்ய ரிசர்வ் வங்கி உரிமம் இல்லை. கை கொடுக்க மத்தியக் காப்பீட்டுக் கழகமும் இல்லை. தங்கள் பணத்துக்காக டெபாசிட்தாரர்கள் மாநில அரசையும் நீதிமன்றத்தையும் நம்ப வேண்டியதாயிற்று.

மாநில அரசின் டெபாசிட் உத்தரவாத நிதி வாரியம் இருக்கிறது என்பது கேரளத்தின் வாதம். எனினும், மாநிலத்தின் உத்தரவாதமும் மத்தியச் சட்டத்தின் கீழ் 90 நாள் கெடுவுடன் வரும் காப்பீடும் ஒன்றல்ல. கூட்டுறவு சங்கங்களை ஒடுக்காமலேயே அவற்றின் டெபாசிட்டுக்கும் இணையான பாதுகாப்பு அளிக்க மத்திய, மாநில அரசுகள் உடன்பட்டால்தான் இந்த இடைவெளி அடைபடும். அதுவரை, பாஸ்புத்தகத்தில் "வங்கி' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாமல், காப்பீட்டுக் கழகத்தின் பட்டியலில் அதன் பெயர் உள்ளதா எனப் பார்த்துக்கொள்வது டெபாசிட்தாரர்களின் பொறுப்பாகவே இருக்கும்.