அன்னபேதி

நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்றும், ஆய்வுகூடத்தில் பெரசு சல்பேற்று என்றும் வழங்கும் பொருள் ஒன்றே. அது இரும்பின் உப்புக்களுள் ஒன்று. அதன் பளிங்குகள் இளம்பச்சை நிறமுடையவை. நீரில் எளிதிற் கரைவன. பளிங்கை மெல்லச் சூடாக்கினால், அதனுள் அடங்கிய நீர் நீங்கி வெண்பொடி எஞ்சும். கடுமையாகச் சூடாக்கினாலோ, மூச்சை அடைக்கும் கந்தகப் புகை வெளியேறிச் செந்நிறமான இரும்பொட்சைட்டு மிஞ்சும். சித்த மருத்துவர் அன்னபேதியைப் புடமிட்டு எடுக்கும் செந்தூரம் சிவந்திருப்பதும் இவ்வொட்சைட்டினாலேயே.

இவ்வுப்பின் குணங்களுள் தலையாயது, ஒட்சியேற்றத்திற்கு எளிதில் இடங்கொடுக்கும் இயல்பாகும். ஈரக்காற்றிலே திறந்து வைத்தால், பச்சைப் பளிங்கின்மேல் மஞ்சட் கபில நிறம் படரும். பெரசு நிலையிலிருந்த இரும்பு பெரிக்கு நிலைக்கு மாறுவதன் அடையாளம் அது. ஆதலின் பளிங்குகளை இறுக மூடிய போத்தலில் வைத்தல் வேண்டும். கரைசலை வேண்டும்போது புதிதாகத் தயாரிப்பதே நன்று. சிறிது காலம் வைத்திருக்க வேண்டுமாயின், ஐதான சல்பூரிக்கமிலம் சில துளிகளும், துருவில்லாத இரும்பாணி ஒன்றும் அதில் இடுவர்.

இந்த இயல்பே ஆய்வுகூடத்தில் அதற்கு மதிப்பளிக்கின்றது. அமிலஞ் சேர்த்த பெரசு சல்பேற்றுக் கரைசலிலே பொற்றாசியம் பரமங்கனேற்றைத் துளிதுளியாக விட்டால், அதன் ஊதா நிறம் உடனே மறையும். பெரசு இரும்பு முழுவதும் ஒட்சியேறிய பின் விழும் துளி மாத்திரம் இளஞ்சிவப்பாக நிலைக்கும். செலவான பரமங்கனேற்றின் கனவளவைக் கொண்டு இரும்பின் அளவைக் கணிக்கலாம். நைத்திரேற்றைக் கண்டறியும் கபில வளையச் சோதனையும் பலரறிந்ததே. நைத்திரேற்றுக் கரைசலோடு புதிய பெரசு சல்பேற்றுக் கரைசலைக் கலந்து, சாய்த்துப் பிடித்த குழாயின் சுவர்வழியே செறிந்த சல்பூரிக்கமிலத்தை மெதுவாக ஊற்றினால், இரண்டு திரவங்களும் சந்திக்கும் இடத்திலே கபில நிற வளையம் தோன்றும். இங்கே பெரிதும் அஞ்சவேண்டியது அமிலத்தையே. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியாமல் இச்சோதனையைச் செய்தலாகாது.

கடுக்காய் முதலியவற்றின் துவர்ப்பொருளோடு அன்னபேதி சேர்ந்தால் கரிய மை உண்டாகும். எழுதும்போது மங்கலாயிருக்கும் எழுத்து, காற்றுப்பட்டுக் கறுக்கும். ஐரோப்பாவிலும் ஓக்கு மரக்காய்ப்புகளின் துவர்ப்பைக்கொண்டு பல நூற்றாண்டுகளாக இத்தகைய மை செய்தனர். தேயிலைச் சாயத்திலும் துவர்ப்புண்டு. அதில் அன்னபேதிக் கரைசல் சிறிது விட்டால் சாயம் கறுப்பதைக் காணலாம். இரும்புக் குளிசையைத் தேநீரோடு விழுங்கலாகாது என்று வைத்தியர் சொல்வதன் காரணமும் இதனாற் புலப்படும். துவர்ப்போடு பிணைந்த இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. தேசிக்காயிலுள்ள உயிர்ச்சத்து சீயோ, இரும்பு உடலிற் சேர்வதற்குத் துணைபுரியும்.

குருதியைச் சிவப்பாக்கி ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினுக்கு இரும்பு இன்றியமையாதது. எனவேதான் குருதிச் சோகையுற்றோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பெரசு சல்பேற்றுக் குளிசை கொடுக்கப்படுகின்றது. இருநூறு மில்லிகிராம் நிறையுள்ள உலர்ந்த பெரசு சல்பேற்றுக் குளிசை ஒன்றில் ஏறக்குறைய 60 மில்லிகிராம் இரும்பு உண்டு.

தாய்க்கு மருந்தாகும் இதே குளிசை, குழந்தைக்கு நஞ்சாகக்கூடும். உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 60 மில்லிகிராமுக்கு மேற்பட்ட இரும்பு உட்சென்றால் உயிருக்கே ஆபத்து நேரலாம். பத்துக் கிலோகிராம் நிறையுள்ள குழந்தைக்கு மேற்கூறிய குளிசைகள் பத்தே அவ்வளவாகிவிடும். அதனிற் குறைந்த அளவும் தீங்கு செய்யலாம். சர்க்கரைப் பூச்சுடன் நிறமூட்டிய குளிசை, குழந்தையின் கண்ணுக்கு இனிப்பாகவே தோன்றும்.

இந்நஞ்சின் போக்கு ஏமாற்றுந் தன்மையது. முதற் சில மணித்தியாலங்களில் வாந்தி, வயிற்றுவலி, சிலவேளை இரத்தங்கலந்த வயிற்றோட்டம் ஆகியவை தோன்றும். பின்னர் அவை தணிந்து, பிள்ளை தேறிவிட்டது போலக் காணப்படலாம். ஆனால், அதற்குள் இரும்பு குருதியிற் கலந்து, ஈரலையும் இருதயத்தையும் தாக்கத் தொடங்கியிருக்கும். ஆகையால், குழந்தை குளிசைகளை விழுங்கியதாக ஐயம் எழுந்தவுடனேயே, வருத்தம் தோன்றும்வரை காத்திராமல், குளிசைப் போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். வீட்டிலே வாந்தியெடுக்கச் செய்ய முயலுதல் தகாது. இரும்பைப் பிணைத்துச் சிறுநீர்வழியே வெளியேற்றும் டெஸ்பெரியொக்சமின் என்னும் மாற்று மருந்து உண்டு. அதைக் காலந் தாழ்த்தாது வைத்தியரே கொடுத்தல் வேண்டும்.

ஆய்வுகூடத்துப் போத்தலிலுள்ள உப்பு உண்பதற்கன்று. மருந்துக்கு வேண்டிய தூய்மை அதற்கு இராது. அதைச் சுவைத்துப் பார்த்தலும், வெறுங்கையால் அள்ளுதலும் ஆகா. கண்ணிற் பட்டால், நெடுநேரம் நீரினாற் கழுவி வைத்தியரை நாடுக. வீட்டிலுள்ள குளிசைப் போத்தலுக்கு உரிய இடம், பிள்ளைகளின் கைக்கெட்டாத, பூட்டிய அலுமாரியே.