நெல்லாய் விற்பதும் அரிசியாய் விற்பதும்

முன்னுரை

சோழநாட்டைச் சோற்றுவளம் மிக்க நாடு என்று சான்றோர் போற்றினர். அச்சோற்றை விளைவிப்பவர் கையில் இறுதியாக என்ன மிஞ்சுகிறது என்னும் வினாவை எழுப்பியவர் சிலரே. உழவன் நெல்லாக விற்கும்போது விலையைப் பிறர் சொல்ல, அவன் கேட்கிறான். அதே நெல்லை அரிசியாக்கிப் பெயரிட்டு விற்கும்போது விலையைச் சொல்லும் உரிமை ஓரளவேனும் அவனுக்கு வருகிறது. உரிமையுடன் இடரும் சேர்ந்தே வரும். அவ்விடரை அறிந்து தொழில் செய்வது எவ்வாறு என்பதை, பட்டம் பெற்று வேலை தேடும் மாணவர்க்கும், வயலும் வரப்புமாய் வாழும் பெரியோர்க்கும் பயன்படும் வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விரைந்து விற்பது ஏன்?

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. சூன் 12ஆம் நாள் அணையைத் திறப்பது மரபு. அத்தண்ணீரில் பயிராகும் குறுவை, வடகிழக்குப் பருவமழை நெருங்கும் நாளில் அறுவடைக்கு வருகிறது. வானம் கறுத்திருக்கக் களத்தில் நெல் குவிந்திருக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதத்திற்கு வழக்கமான வரம்பு 17 விழுக்காடு. மழை கடுமையான ஆண்டுகளில் நடுவண் அரசு அதைத் தளர்த்துவதும் உண்டு. தளர்த்தும் வரை ஈரநெல் காத்திருக்காது. முளைக்கும், நிறம் மாறும், நாற்றம் பிடிக்கும். ஆகவே கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதைத் தவிர உழவனுக்கு வேறு வழி இருப்பதில்லை. பேரம் பேசும் வலிமையை அவனிடமிருந்து முதலில் பறிப்பது ஈரமே.

இவ்விடரைத் தீர்க்கும் முயற்சி இம்மண்ணிலேயே தொடங்கியது என்பது நாம் பெருமைகொள்ளத் தக்கது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநராக விளங்கிய டாக்டர் வி. சுப்பிரமணியன், ஓய்வுக்குப் பின் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் 1967இல் உருவான ஆய்வுக்கூடத்தை வழிநடத்தினார். ஈரநெல்லில் சமையல் உப்பைக் கலந்தால் உப்பு ஈரத்தை ஈர்த்து, நெல் கெடாமல் காக்கும் என்னும் எளிய முறை அங்கே பரப்பப்பட்டது. அவ்வாய்வுக்கூடம் வளர்ந்து, தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்து, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தேசிய முக்கியத்துவம் பெற்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாகத் திகழ்கிறது. புகார் நகரை அண்டிய கழிகளில் வெள்ளுப்பை விற்று நெல்லொடு திரும்பிய படகுகளைப் பட்டினப்பாலை காட்டுகிறது. உப்புக்கும் நெல்லுக்கும் உள்ள உறவு இந்நாட்டில் அத்துணைப் பழமையானது!

கணக்கே முதல் கருவி

அரிசி வணிகத்தில் இறங்குவோர் முதலில் அறிய வேண்டுவது கணக்கு. 100 கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 67 கிலோ அரிசி கிடைக்கும் என்பது அரசு கொள்ளும் அளவு. எஞ்சியதில் பெரும்பகுதி உமி, சிறுபகுதி தவிடு. ஒரு கிலோ நெல் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 67 கிலோ தேறினால் கிலோ அரிசிக்கு நெல்லின் விலை மட்டுமே ஏறத்தாழ 45 ரூபாய். நெல் சரியாக உலராமையால் நொய் மிகுந்து, முழு அரிசி 60 கிலோவே தேறினால் அது 50 ரூபாயாகிவிடும். உலர்த்தும் கூலி, அரைவைக் கூலி, பை, வண்டி வாடகை, வட்டி ஆகியவற்றை இதனுடன் கூட்ட வேண்டும். தவிடும் நொய்யும் விற்ற தொகையைக் கழிக்க வேண்டும். இக்கணக்கைப் போடாமல் பக்கத்துக் கடைக்காரர் விலையைப் பார்த்து விலை வைப்பவர், விற்க விற்க முதலை இழப்பர்.

எனவே ஈரமானி வாங்குவதைத் தொழிலின் முதற்செலவாகக் கொள்ளலாம். அரைவைக்கும் சேமிப்புக்கும் ஈரம் 14 விழுக்காட்டளவில் இருத்தல் நன்று. புழுங்கல் முறையின் அருமையும் ஈண்டு நோக்கற்பாலது. ஊறவைத்து அவிக்கும்போது மணியிலுள்ள மாவுப்பொருள் இளகி விரிசல்களை இணைப்பதால் அரிசி குறைவாக உடைகிறது. தவிட்டிலுள்ள சத்துகளின் ஒரு பகுதியும் மணிக்குள் இறங்குகிறது. நம் பாட்டிமார் அடுப்பங்கரையில் செய்தது சிறந்த தொழில்நுட்பமே.

நம்பிக்கையே விளம்பரம்

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தியவர் நெல் ஜெயராமன். நம்மாழ்வாரின் வழியில் நின்று, 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டவர். 2018 திசம்பரில் மறைந்தார். விழாவுக்கு வந்த உழவருக்கு இரண்டு கிலோ விதை நெல் கொடுப்பார். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே நிபந்தனை. கொடுத்தவரும் வாங்கியவரும் ஆண்டுதோறும் சந்திக்கும் உறவு இதனால் உண்டாயிற்று. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் ஆகிய பெயர்கள் நகரத்துக் கடைகளில் இன்று ஒலிப்பதற்கு இத்தகைய முயற்சிகளும் காரணம். ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் வருமாறு செய்வதே சந்தைப்படுத்துதலின் உயிர் என்பதை இதனின் தெளிவாக விளக்கும் பாடம் அரிது.

கடைப்பிடிக்கத் தக்கவை

1. பையின்மேல் பொருளின் பெயர், தயாரித்தவர் அல்லது பொதி செய்தவர் முகவரி, நிகர எடை, மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, குறை கூறுவதற்கான தொடர்பு ஆகியவற்றை அச்சிடுக. 2011ஆம் ஆண்டின் பொதி விதிகள் இவற்றைக் கோருகின்றன. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இடம்பெற வேண்டும்.

2. பெயரை முதலிலேயே வணிகக்குறியாகப் பதிவு செய்க. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர்ப் புதுப்பிக்கலாம். பெயர் ஊரெங்கும் பரவிய பின் பிறருடன் வழக்காடுவது பெருஞ்செலவு.

3. இந்த அரிசி நீரிழிவை நீக்கும், அந்த அரிசி புற்றுநோயைப் போக்கும் என்று எழுதாதீர். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் உண்டு. சட்டத்தினும் பெரிது, நோயாளி ஒருவர் அதை நம்பி மருந்தை நிறுத்திவிடக்கூடும் என்பது.

4. கைப்பேசியைக் கடைவீதியாக்குக. விளைந்த வயல், அறுத்த நாள், அரைத்த நாள் ஆகியவற்றைப் படத்துடன் வாட்சப்பில் அனுப்பினால் வாங்குவோர்க்கு நம்பிக்கை பிறக்கும். 2016இல் வந்த யுபிஐ முறையால் ஐந்து கிலோ வாங்குபவரும் வீட்டிலிருந்தே பணம் செலுத்த இயலுகிறது. தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்க.

5. உறவினராயினும் கூட்டுத் தொழிலை எழுத்தில் அமைத்துக்கொள்க. கடனைத் தவணையுடன் எழுதிவைக்குமாறு திருக்குர்ஆன் (2:282) அறிவுறுத்துவதை நம் பெரியோர் நன்கறிவர். அண்ணன் தம்பியரிடையே பிணக்கு வாராமல் காப்பதும் அவ்வெழுத்தே.

6. சிறிதாகத் தொடங்குக. முதற்பருவத்தில் விளைச்சலில் ஒரு பங்கை மட்டும் அரிசியாக்கி, எஞ்சியதைக் கொள்முதல் நிலையத்திற்கே கொடுக்கலாம். வாங்குவோர் பெருகப் பெருகப் பங்கைக் கூட்டலாம்.

முடிவுரை

தாம் கொள்வதை மிகுதியாகக் கொள்ளாமலும், கொடுப்பதைக் குறைத்துக் கொடாமலும் வணிகம் செய்த புகார் வணிகரைப் பட்டினப்பாலை புகழ்கிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகம் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. ஈரமானியும் கைப்பேசியும் புதியவை. அளவில் நேர்மை என்பது பழையது. இரண்டையும் ஒருங்கே கைக்கொள்ளும் இளைஞர் ஒவ்வோர் ஊரிலும் இருவர் மூவர் தோன்றினும் போதும். மழைக்கு அஞ்சி நெல்லைத் தள்ளிவிடும் நிலை குறையும். வயலை விற்றுக் கடல்கடக்க எண்ணும் தம்பியர், ஒருமுறை அவ்வயலின் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் பின் முடிவு செய்வாராக.