தண்டவாளம் போன தடத்தில் எரிமலை நாடு

மலைநாட்டில் மிதிவண்டியில் நெடும்பயணம் செய்ய விரும்பும் எளிய மனிதரைத் தயங்க வைப்பவை இரண்டு. ஒன்று ஏற்றம், மற்றொன்று மோட்டார் வாகனம். ஏற்றத்தைப் பயிற்சியால் ஓரளவு வெல்லலாம் என்றாலும், குறுகிய மலைச்சாலையின் வளைவில் முதுகுக்குப் பின்னால் கேட்கும் லாரியின் இரைச்சல் தரும் அச்சத்தை எந்தப் பயிற்சியும் போக்குவதில்லை என்பதால், குழந்தைகளும் முதியவர்களும் மலைகளைக் கார் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்புவதே வழக்கமாகிவிட்டது. இவ்விரு தடைகளையும் ஒருசேர நீக்கும் வழியை ஐரோப்பாவின் சில எரிமலைப் பகுதிகளில் உருவாக்கிக் கொடுத்தது, மிதிவண்டிக்காரரை மனத்தில் கொள்ளாமலே அமைக்கப்பட்ட நீராவி ரயில்பாதையாகும். ரயில்கள் நின்றுபோன அதன் தடத்தில் இன்று மிதிவண்டிகள் ஓடுகின்றன.

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமதளத்தில் பெரும் பாரத்தைச் சிறு விசையால் இழுத்துச் செல்ல உதவும் இக்குணமே, ஏற்றத்தில் சக்கரம் பிடிமானம் இழந்து வழுக்குவதற்கும் காரணமாகிறது. ஆகவே மலையில் பாதை அமைத்த பொறியாளர்கள், 100 மீட்டர் தொலைவுக்கு 2 மீட்டர், மிஞ்சினால் 3 மீட்டர் என்ற அளவுக்குள் ஏற்றத்தை அடக்கும் பொருட்டு, குன்றைக் குடைந்தும், பள்ளத்தாக்கின் குறுக்கே வளைவுப் பாலம் எழுப்பியும், சரிவை வெட்டி மேடையாக்கியும் பாதையை வளைத்து வளைத்துக் கொண்டுசென்றனர். இதன் பயனைக் கணக்கிட்டே காட்டலாம். ஆளும் வண்டியும் மூட்டையுமாக 100 கிலோ எடையுடன் ஒருவர் 2 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதற்கு, புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் ஏறத்தாழ 80 வாட் திறன் வேண்டும். மலைச்சாலைகளில் சாதாரணமாகக் காணப்படும் 8 சதவீத ஏற்றத்தில் அதே வேகத்துக்கு 320 வாட்டுக்கு மேல் வேண்டும். உடல்நலமுள்ள சராசரி மனிதர் மணிக்கணக்கில் தரக்கூடிய திறன் 100 வாட்டை ஒட்டியதே என்பதால், முதல் பாதையில் அவர் பேசிக்கொண்டே போவார். இரண்டாவதில் இறங்கி வண்டியைத் தள்ளுவார்.

இவ்வகைப் பாதைகளுக்குச் சிறந்த சான்று, ஜெர்மனியின் மேற்கில், ரைன், மோசல் ஆறுகளுக்கும் பெல்ஜிய எல்லைக்கும் இடைப்பட்ட ஐஃபெல் மலைநாட்டில் உள்ளது. இதன் மிக உயர்ந்த சிகரமான ஹோஹே அக்ட் 747 மீட்டரே என்றாலும், குளிரும் காற்றும் மெலிந்த மண்ணும் சேர்ந்து இப்பகுதியை நெடுங்காலம் வறுமையில் வைத்திருந்தன. 19ஆம் நூற்றாண்டில் இது பிரஷ்ய அரசின் ஆட்சியில் இருந்தபோது ‘பிரஷ்ய சைபீரியா’ என்றே அழைக்கப்பட்டது. பாரிசின் ஈபிள் கோபுரத்துக்கும் இந்த மலைக்கும் பெயரளவில் உறவு உண்டு: கோபுரத்தைக் கட்டிய குஸ்தாவ் ஈபிளின் முன்னோர் இங்கிருந்து பிரான்சுக்குக் குடிபெயர்ந்தவர்கள், பிரெஞ்சுக்காரரின் நாவுக்கு எளிதில் வராத தம் குடும்பப் பெயருக்கு மாற்றாகச் சொந்த மலையின் பெயரை அவர்கள் ஏற்றனர்.

ஐஃபெலில் எரிமலை என்றதும் கூம்பு வடிவச் சிகரத்தைத் தேடுபவர் ஏமாறுவார். இங்கே பல எரிமலைகள் குழிகளாகவே காணப்படுகின்றன. நிலத்தின் ஆழத்திலிருந்து மேலெழும் பாறைக்குழம்பு வழியில் நிலத்தடி நீரைச் சந்திக்கும்போது, நீர் கணப்பொழுதில் ஆவியாகிப் பன்மடங்கு விரிய, அந்த அழுத்தம் மேலுள்ள பாறையைத் தூளாக்கி வானில் எறிகிறது. வெடிப்புகள் தொடரத் தொடர அடியில் வெற்றிடம் உண்டாகி, நிலம் உள்வாங்கி, வட்டமான பள்ளம் எஞ்சுகிறது. மழையும் ஊற்றும் நிரப்பிய பின் அது ஏரியாகிறது. இத்தகைய பள்ளத்துக்கு ஐஃபெல் மக்கள் வழங்கிய பெயர் ‘மார்’ என்பதாகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ட்ரியர் நகர ஆசிரியர் யோஹான்னஸ் ஸ்டைனிங்கர் தம் ஆய்வெழுத்தில் கையாண்ட பிறகு, இந்த ஊர்ப்புறச் சொல்லே உலகெங்கும் புவியியலாளரின் கலைச்சொல்லாகிவிட்டது. எரிமலை ஐஃபெலில் ஏறத்தாழ 350 வெடிப்பு மையங்கள் உள்ளன. அவற்றுள் மிக இளையதான உல்மன் மார் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்புதான் வெடித்தது; புவியின் வயதோடு ஒப்பிட்டால் இது நேற்று நடந்த நிகழ்ச்சி. 2015 முதல் யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்காக்களுள் இப்பகுதியும் ஒன்று.

மோசல் ஆற்றங்கரையின் பெர்ன்காஸ்டல்-கூஸ் நகரையும் மலைமேல் உள்ள டௌன் நகரையும் இணைக்கும் ‘மாரெ-மோசல்’ மிதிவண்டிப் பாதை 55 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளம் கொண்டது. அதன் பெரும்பகுதி, 1980களில் ரயில்கள் நின்றுபோன தடத்தின்மேல் தார் போட்டு, 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மாற்றத்தின் இந்த வரலாற்றை மகிழ்ச்சியாக மட்டும் எழுதிவிடுவது நேர்மையாகாது. மலைக்கிராமங்களை வெளியுலகோடு இணைத்த ரயில் நின்றது அம்மக்களுக்கு உண்மையான இழப்பு. பாதை அந்த இழப்பை ஈடுசெய்துவிடவில்லை. ஆயினும் கைவிடப்பட்ட ரயில்தடம் துண்டு துண்டாக விற்கப்பட்டு, வயலாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டால் அதை மீண்டும் ஒன்றாக்குவது மிகக் கடினம் என்பதால், தடத்தை முழுமையாகக் காத்ததே இதன் முதற்பயன் எனக் கருத வேண்டும்.

பயணிகள் பலரும் மிதிவண்டியை ஏற்றிச்செல்லும் இழுவையுடன் கூடிய பேருந்தில் டௌன் வரை சென்று, அங்கிருந்து ஆற்றை நோக்கி இறங்குகின்றனர். இறக்கம் எளிது, குழந்தைகளுக்கு ஏற்றது. ஆனால் நிலத்தைப் புரிந்துகொள்ள விரும்புபவருக்கு எதிர்த்திசையே சிறந்தது.

கீழே மோசல் பள்ளத்தாக்கில் செங்குத்தான சரிவுகளில் ரீஸ்லிங் திராட்சைத் தோட்டங்கள் நிற்கும் மண், எரிமலைக்கு மிக முந்திய, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையுள்ள கடலடிச் சேற்றிலிருந்து இறுகிய சிலேட்டுக் கல்லால் ஆனது; பகலில் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் விடும் இந்தக் கல்லே குளிர்நாட்டில் திராட்சை பழுக்கத் துணைசெய்கிறது. விட்லிக் நகரைத் தாண்டியதும் காடு தொடங்குகிறது. அங்கிருந்து மேட்டின் உச்சி வரை ஏறத்தாழ 300 மீட்டர் உயர வேண்டியிருந்தாலும், அந்த உயரம் 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் பரவியிருப்பதால், ஏறுகிறோம் என்பதைக் கால்களைவிட மரங்களே முதலில் அறிவிக்கின்றன. காற்று குளிர்கிறது, தோட்டங்கள் மறைந்து மேய்ச்சல் நிலம் விரிகிறது.

கில்லன்ஃபெல்ட் ஊரருகே பாதையை விட்டுச் சற்றே விலகினால், 70 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள புல்வர்மார் ஏரி, பீச் மரங்கள் சூழ, ஏறக்குறைய முழுவட்டமாகக் கிடக்கிறது. அண்மையில் உள்ள ஹோல்ஸ்மார் தோற்றத்தில் எளியது, அறிவியலில் பெரியது. கலங்காத இந்த ஏரியடியில் ஆண்டுதோறும் ஒரு மெல்லிய படிவு சேர்ந்துவந்ததால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல அப்படிவுகளை எண்ணி, பல்லாயிரம் ஆண்டுகளின் மழையையும் குளிரையும் தாவரங்களின் மகரந்தத்தையும் ஆய்வாளர்கள் ஆண்டு வரிசையில் படிக்க முடிகிறது. எரிமலையின் மூச்சு முற்றிலும் அடங்கிவிடவும் இல்லை: நிலத்தடியிலிருந்து கரியமில வாயு இன்றும் கசிந்து ஊற்றுநீரில் கரைகிறது, உலகச் சந்தையில் விற்கும் கெரோல்ஸ்டைன் ஊர்க் குமிழ்நீரின் குமிழ்களுக்கும், வாலன்போர்ன் ஊரில் ஏறத்தாழ 35 நிமிடத்துக்கு ஒருமுறை பொங்கியெழும் குளிர்நீர் ஊற்றுக்கும் அதுவே காரணம்.

இத்தகைய பாதை ஐஃபெலுக்கு மட்டும் உரியதன்று. ஸ்பெயினின் கத்தலோனியாவில், ஒலோத் நகரிலிருந்து ஜிரோனா நகருக்கு 1969 வரை ஓடிய குறுகிய அகலத் தண்டவாள ரயிலின் தடமும் கரோட்சா எரிமலைகளினூடே இதே போன்ற பாதையாகியுள்ளது. அங்கே கூம்புகளும் லாவா மேல் வளர்ந்த பீச் காடும் உண்டு. ஏரிகளைக் காண ஐஃபெலுக்கே வர வேண்டும்.

மாரெ-மோசல் பாதையில் டௌன் நகரை நெருங்கும்போது மூன்று மார்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 20,000 முதல் 30,000 ஆண்டுகளுக்கு முன் பிறந்த இவற்றுள் ஷால்கன்மேரன் மாரின் கரையில் மக்கள் வாழ்கின்றனர். ஒரு குறுகிய முகட்டுக்கு அப்பால் வைன்ஃபெல்ட் மார், நீர் வந்து சேரும் ஓடையும் வெளியேறும் ஓடையும் இன்றி, தனித்துக் கிடக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய்க்குப் பின் கைவிடப்பட்ட வைன்ஃபெல்ட் சிற்றூரில் எஞ்சியது ஒரு சிறு தேவாலயமும் அதன் கல்லறைத் தோட்டமும் மட்டுமே. ஆகவே மக்கள் இதை ‘இறந்தோர் மார்’ என்கின்றனர். அதற்கப்பால் பாதை மலையைத் துளைத்து, 560 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்தில் நுழைகிறது. ரயில் நின்ற பிறகும் குளிர் நிற்காத அந்த இருளில் விளக்குகளின் வரிசையைத் தொடர்ந்து வெளிவந்தால், லீசர் ஆற்றின் மேல் ஏறத்தாழ 28 மீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய ரயில் பாலமும், அதன் மறுகரையில் டௌன் நகரும் தெரிகின்றன.