மஞ்சள் தூளும் ஒரு தம்ளர் தண்ணீரும்

மஞ்சள் தூளைத் தண்ணீரில் போட்டால் அடியில் படிய வேண்டும், நீர் கடும் மஞ்சளாகி அப்படியே நின்றால் சாயம் என்பது நம் கடைகளில் பலரும் அறிந்த சோதனை. நல்ல சோதனைதான். ஆனால் அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

கரையாத தூள் திரவத்தில் மிதந்து கலங்கி, சற்று நேரத்தில் அடியில் தங்குவதை ரசாயனத்தில் தொங்கல் என்பார்கள். மருந்துப் புட்டியில் "குலுக்கிப் பயன்படுத்தவும்" என்று போட்டிருப்பது இதற்காகவே. தொங்கல் என்பது ஒரு கலவையின் நிலை. புற்றுநோய்க் காரணி என்பதோ ஒரு பொருள் உடலுக்குள் போய்ச் செய்யும் வேலை. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

மெட்டானில் மஞ்சள் என்ற சாயம் நீரில் கரையும், தம்ளரில் பிடிபடும். ஈயக் குரோமேட் கரையாது. விரலி மஞ்சளுக்கு மெருகாகப் பூசியிருந்தால் தண்ணீரில் உடனே கழன்று கலங்கும். அரைத்த தூளில் கலந்துவிட்டாலோ மஞ்சளோடு மஞ்சளாக அடியில் படிந்துவிடும். பார்ப்பவர் சுத்தச் சரக்கு என்றே நினைப்பார். அதிலுள்ள குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக அளவில் உறுதி செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது தனி.

மிளகாய்த் தூளில் சேர்க்கும் சூடான் சாயம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. 2003-ல் பிரான்சில் நம் நாட்டு மிளகாய்ச் சரக்கில் அது அகப்பட்டு, ஐரோப்பா முழுவதும் கெடுபிடி வந்தது. யாரோ சிலர் செய்த வேலைக்கு நேர்மையான ஏற்றுமதியாளர்களும் சேர்ந்து அவதிப்பட்டார்கள்.

இவற்றையெல்லாம்விடச் சங்கடமானது அஃப்ளடாக்ஸின். இதை யாரும் கலப்பதில்லை. ஈரம் தட்டிய நிலக்கடலையிலும் வற்றலிலும் பூசணம் தானே உண்டாக்குகிறது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தால் மாண்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. ஈரலில் புற்றுநோய் உண்டாக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுமையாகப் போகாது. தண்ணீரில் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. மூட்டையைத் தரையில் வைக்காமல் கட்டை போட்டு அடுக்குவதும், பூசணப் பருப்பைப் பொறுக்கி எறிவதும்தான் நம்மால் ஆவது. பொறுக்கியதை எண்ணெய்க்கு என்று தள்ளிவிடுகிற வழக்கம் நமக்குச் சம்மதமில்லை.

சந்தேகம் வந்தால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதே வழி. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, மொத்த வியாபாரி தரும் பில்லே சரக்கின் தரத்துக்கான உத்தரவாதமாகக் கொள்ளப்படும். பில் இல்லாமல் மலிவாகத் தூள் வாங்கிய கடைக்காரருக்கு, மாதிரி எடுக்க அதிகாரி வரும் நாளில் காட்டுவதற்கு எதுவும் இருக்காது.