சம்பளத்தில் பிடித்தால் முடிந்துவிடாது

ஜனவரி பிறந்தால் போதும், லண்டனில் கணக்குப் பார்க்கும் என் மேசைக்கு ஒரே முறைப்பாடுதான் வரும். "அண்ணை, ஸ்டூடன்ட் லோன் சம்பளத்திலேயே பிடிக்கினம்தானே. பிறகேன் வரியோட இன்னும் காசு கேக்கினம்?" கேட்பவர் வாரநாளில் அலுவலக வேலை, சனி ஞாயிறில் ட்யூஷனோ கல்யாண வீட்டுப் புகைப்படமோ என்று ஓடுகிற பிள்ளை.

வேலை கொடுத்தவர் தான் தரும் சம்பளத்தை மட்டுமே பார்த்துப் பிடிக்கிறார். உங்கள் ட்யூஷன் காசு அவருக்குத் தெரியாது. செல்ஃப் அசெஸ்மென்ட் வரிப் படிவம் போடும்போதுதான் வரித் திணைக்களமான எச்எம்ஆர்சி இரண்டையும் கூட்டுகிறது. கடனைக் கட்டத் தொடங்கும் வருமான வரம்பு ஒன்றே ஒன்று. சொந்தத் தொழிலுக்கென்று இன்னொன்று கிடையாது.

மாணவர் கடன் வகைகளில் ஒன்றான பிளான் 2க்கு 2025-26இல் வரம்பு 28,470 பவுண்டு. சம்பளம் 32,000, தொழில் லாபம் 6,000 என்று வையுங்கள். மொத்தம் 38,000. வரம்புக்கு மேலே உள்ள 9,530இல் 9 சதவீதம், 857 பவுண்டு. சம்பளத்தில் மாதம் 26 வீதம் 312 ஏற்கெனவே போய்விட்டது. மீதி 545 பவுண்டை ஜனவரி 31க்குள் வரியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். வரிக்கு முன்பணம் கட்டுகிறவர்களும் கவனியுங்கள்: அதில் இந்தக் கடன் சேராது. ஒவ்வொரு ஜனவரியும் மொத்தமாகத்தான் வந்து நிற்கும்.

இனிப் பலர் காசை விடும் இடம். படிவத்தில் மாணவர் கடனுக்கென்று ஒரு பகுதி உண்டு. சம்பளத்தில் பிடித்த 312ஐ அங்கே எழுத வேண்டும். வெறுமையாக விட்டால் 857 முழுவதையும் கேட்பார்கள். அந்த 312ஐ இரண்டு தடவை கட்டுவீர்கள்.

அந்தத் தொகை, வேலை கொடுத்தவர் தரும் ஆண்டு முடிவுச் சீட்டான பி60இல் இருக்கிறது. வரியாண்டு முடியும் ஏப்ரல் 5 அன்று நீங்கள் வேலை செய்த இடம் அதை மே 31க்குள் தந்தாக வேண்டும். தராவிட்டால் விடாமல் கேளுங்கள். 'சிஸ்டத்தில் இருக்கு' என்ற பதிலை ஏற்காதீர்கள். இடையில் விட்ட வேலைக்குக் கிடைப்பது பி45 மட்டுமே. அதில் கடன் இருக்கிறது என்ற குறி இருக்குமே தவிர, பிடித்த தொகை இருக்காது. அதற்குச் சம்பளச் சீட்டுகளைக் கூட்டித்தான் எடுக்க வேண்டும். ஆகவே சம்பளச் சீட்டை எறியாதீர்கள்.

தொழில் வரவு, செலவைக் கழிக்கும் முன்பே, ஆண்டுக்கு 1,000 பவுண்டைத் தாண்டினால், வரியாண்டு முடிந்து வரும் அக்டோபர் 5க்குள் செல்ஃப் அசெஸ்மென்டில் பதியுங்கள். இணையத்தில் படிவம் போடக் கடைசி நாள் ஜனவரி 31. ஒரு நாள் பிந்தினாலும் 100 பவுண்டு தண்டம்.

புது வேலையில் சேரும்போது எந்த பிளான் என்று தெரியாமல் 'ஏதோ ஒன்று' எனக் குறிக்காதீர்கள். தெரியாதவர்களை பிளான் 1இல் போடுவார்கள். பிளான் 2ஐவிட அதன் வரம்பு குறைவு, பிடிப்பு கூடும். கடனை நிர்வகிக்கும் ஸ்டூடன்ட் லோன்ஸ் கம்பெனியின் இணையக் கணக்கில் பார்த்துவிட்டுக் குறியுங்கள்.

தவறாகப் போட்டாயிற்றா? கடைசி நாளிலிருந்து 12 மாதத்துக்குள் படிவத்தை இணையத்திலேயே திருத்தலாம். கட்டக் காசில்லையென்றால் கடிதத்தை மேசை லாச்சிக்குள் ஒளிக்க வேண்டாம். தவணை முறையில் கட்ட எச்எம்ஆர்சியிடம் கேளுங்கள். சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்திருந்தால் திருப்பிக் கேட்க வேண்டிய இடம் வேறு: ஸ்டூடன்ட் லோன்ஸ் கம்பெனி. எச்எம்ஆர்சியின் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

மேலே சொன்ன கணக்கில் தொழில் லாபத்துக்கு 20 சதவீத வரி, 9 சதவீதக் கடன். அடுத்த சனிக்கிழமை ட்யூஷன் காசு கைக்கு வந்ததும், 100க்கு 29ஐ வேறு கணக்கில் போட்டுவிட்டு மீதியைச் செலவழியுங்கள். கடைசியாக ஒன்று: பி60ஐத் தொலைக்காதீர்கள்.