ஆறு பைட்டில் அடங்கிய அண்டம்

விம்கோ நகர் மெட்ரோவில் ஏறி இறங்கும் தம்பி தங்கைகளே, ‘விம்கோ நகர்’ என்று போனில் தட்டினால் அது எவ்வளவு இடம் பிடிக்கும் தெரியுமா? பரவலாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் 31 பைட். புள்ளி, கொம்பு உட்படத் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், நடுவில் உள்ள இடைவெளிக்கு 1. போனுக்கு இதெல்லாம் தூசு. 1980களின் கணினிகளோ ஒவ்வொரு பைட்டையும் எண்ணி எண்ணிச் செலவழித்தன. எனக்கு அந்தக் கணினிகள் மேல் தீராத பாசம்.

1984-ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, முதலில் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு ‘பிபிசி மைக்ரோ’ கணினியை அனுப்பியது. இங்கிலாந்தில் வீடுகளிலும் பள்ளிகளிலும் புழங்கிய கணினி அது. நினைவகம் வெறும் 32 கிலோபைட்! இன்று நீங்கள் எடுக்கும் 3 மெகாபைட் படம் ஒன்றைப் பிரித்து வைக்க அப்படி 96 கணினிகள் வேண்டும்.

அந்த 32-ம் முழுதாகக் கைக்கு வராது. பல நிறங்களில் படம் காட்டினால் திரையே 20 கிலோபைட்டை எடுத்துக்கொள்ளும். எழுத்து மட்டும் போதும் என்றால் 1 கிலோபைட்டோடு முடியும். சேமித்து வைக்கப் பாட்டுக் கேசட்தான். நிரல் ஒலியாக மாறி நாடாவில் பதியும்: 0-க்குத் தாழ்ந்த ஒலி, 1-க்கு உயர்ந்த ஒலி. நொடிக்கு 1,200 பிட் (0 அல்லது 1) வேகத்தில் 32 கிலோபைட்டைத் திரும்ப ஏற்ற நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்தக் கீச்சொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது இன்றும் இனிக்கும்.

இவ்வளவு சின்ன இடத்தில் என்னதான் செய்ய முடியும்? 1984-ல் இயன் பெல், டேவிட் பிரேபன் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ‘எலைட்’ என்ற விண்வெளி விளையாட்டை இதே கணினிக்காக எழுதினார்கள். அதில் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். மொத்தம் 2,048! ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி ஆட்சி, தனி விலைவாசி. எல்லாவற்றையும் எழுதி வைக்க இடம் ஏது? அவர்கள் எழுதி வைக்கவே இல்லை. 6 பைட்டில் மூன்று எண்களை மட்டும் வைத்தார்கள். அவற்றைக் கூட்டிக் கூட்டி அடுத்தடுத்த எண்களைப் பிறக்கச் செய்து, அந்த எண்களிலிருந்தே பெயரையும் மற்றதையும் உருவாக்கினார்கள். தொடக்க எண்கள் மாறாதவரை, எத்தனை முறை போட்டாலும் அதே உலகங்கள்தான் வரும். நினைவில் வைக்க முடியாததைக் கணக்குப் போட்டே வரவழைத்தார்கள். இன்றைய பெரிய விளையாட்டுகள் சிலவும் மலைகளையும் காடுகளையும் இப்படித்தான் உண்டாக்குகின்றன.

நீங்களும் செய்து பாருங்கள். நோட்டில் 2, 7 என்று எழுதுங்கள். கடைசி இரண்டு எண்களைக் கூட்டி, விடையின் கடைசி இலக்கத்தை மட்டும் அடுத்து எழுதுங்கள்: 2, 7, 9, 6, 5, 1, 6, 7, 3, 0… நீளட்டும். ஓர் எண் தெருவிலுள்ள வீடுகள், அடுத்தது மரங்கள் என்று வைத்துக்கொண்டால் ஓர் ஊரே எழும்பும். 60 எண்கள் முடிந்ததும் 61-வதாக 2, அடுத்து 7 என்று பட்டியல் முதலிலிருந்து தொடங்கும். வராவிட்டால் நடுவில் எங்கோ கூட்டல் தவறியிருக்கிறது, தேடிப் பிடியுங்கள்.